அல்சர் என்றே இருக்கட்டும்

மஸ்கட்
2 ஜூன் 1998

அன்புள்ள ஜெனி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. என் கடிதங்களுக்குப் பதிலே போடாதவள் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டுதான் இருப்பாள்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. வார்டுக்குள் ஏசி குளிர், வெளியே வந்தால் அடுப்புக்குள் தலையை நீட்டிய மாதிரி. போன வாரம் வார்டில் பெரிய சண்டை போட்டேன். உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? கட்டட வேலைக்கு வந்த ஆந்திராக்காரர் ஒருவர், இரண்டு கிட்னியும் போய்விட்டது. கம்பெனி ஆள் வந்து, 'அவனிடம் எதுவும் சொல்லாதீர்கள், டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுகிறோம்' என்கிறான். டாக்டரும் தலையாட்டுகிறார். எனக்கு வந்ததே கோபம். 'உடம்பு அவருடையது. அதில் என்ன கோளாறு என்று கம்பெனிக்குத் தெரியலாம், அவருக்குத் தெரியக்கூடாதா?' என்று டாக்டரிடமே கேட்டுவிட்டேன். கடைசியில் டாக்டர் சொல்ல, நான் இந்தியில் மாற்றிச் சொன்னேன். அந்த மனிதர் ரொம்ப நேரம் அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, தம்பிக்கு போன் போட்டுத் தரச் சொன்னார். எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் நர்ஸ் வேலை பார்த்தோம் என்று ஒரு நிம்மதி.

இப்போது சொந்த விஷயம். அப்பாவுக்குக் கொஞ்ச நாளாக வயிறு சரியில்லையாம். சாப்பிட்டதும் வலி, எடையும் குறைந்திருக்கிறது. ஃபாக்டரியில் வேலை பார்த்த காலத்தில் அல்சர் வந்து ஆறியதே, அதுதான் திரும்பி வந்திருக்கிறது என்று அவரே முடிவு செய்துவிட்டார். உங்கள் ஆஸ்பத்திரியில் காட்டும்படி தம்பி பாலுவிடம் சொல்லியிருக்கிறேன். நீ கூட இருந்து பார்த்துக்கொள். பூனாவுக்கு வந்த புதிதில் நீ எங்கள் வீட்டில்தான் இருந்தாய், அவர்களை மாமா, அத்தை என்று கூப்பிட்டு அம்மா கையால்தான் சாப்பிட்டாய், அதனால் இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு.

போனில் எதுவும் பேச முடிவதில்லை. போன் பாலுவின் ஹாலில் இருக்கிறது, அப்பா அதற்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நீ கடிதம் எழுது. இந்தத் தடவையாவது எழுது.

உன்
தீபா


பூனா
24 ஜூன் 1998

தீபா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், நீ நர்ஸ்.

அல்சர் இல்லை. இரைப்பையில் கேன்சர். ஈரலுக்கும் போயிருக்கிறது. ஆபரேஷன் செய்ய முடியாத நிலை என்று டாக்டர் சப்னிஸ் சொல்கிறார். வருடக் கணக்கில் பேச வேண்டாம், மாதக் கணக்கில் பேசலாம் என்றார். வலிக்கு மருந்து கொடுத்து வசதியாக வைத்துக்கொள்ளலாம். அதை ஒழுங்காகச் செய்தாலே பெரிய காரியம்.

எனக்கு ஆத்திரம் எங்கே வந்தது தெரியுமா? டாக்டர் இதையெல்லாம் பாலுவிடம் காரிடாரில் நின்று சொன்னார், பாதி மராத்தி, பாதி இங்கிலீஷ். கொஞ்சம் தள்ளி பெஞ்சில் மாமா எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு, ஃபாக்டரி கேட்டில் பாஸுக்குக் காத்திருக்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். பேசி முடித்து வந்த டாக்டர், 'பாபா, டென்ஷன் வேண்டாம்' என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். இந்த ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் இதுதான் நடக்கிறது. ஃபைல் மகன் கையில், நோய் அப்பா வயிற்றில்.

பாலு என்னைப் பார்த்து, 'அக்கா, அப்பாட்ட என்ன சொல்ல?' என்று கேட்டான். பாவம், அவன் முகத்தில் ரத்தமே இல்லை. உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என் யோசனை, டாக்டர் சொல்லட்டும், பாலுவும் நானும் பக்கத்தில் இருக்கிறோம். ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு.

அழுதுவிட்டுப் பதில் எழுது.

ஜெனி


மஸ்கட்
7 ஜூலை 1998

ஜெனி,

உன் கடிதத்தை வார்டு லினன் ரூமில் நின்று படித்தேன். உட்காரச் சொல்லியிருந்தாய், உட்கார இடமில்லை.

அப்பாவிடம் சொல்லாதே. டாக்டரும் சொல்ல வேண்டாம். என் சித்தப்பா கதை உனக்குத் தெரியாது. அவருக்கு இதே மாதிரி வந்தபோது யாரோ முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், பிறகு கஞ்சி கொடுத்தாலும் திரும்பவில்லை. 'நோய் கொல்லல, அந்த வார்த்ததான் கொன்னுது' என்று அப்பாவே எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அல்சர் என்றே இருக்கட்டும். அது அவருக்குத் தெரிந்த நோய், ஒரு தடவை வந்து ஆறிய நோய். அந்த நம்பிக்கையில் சாப்பிடுவார், நடப்பார். டிசம்பரில் எனக்கு லீவு. நானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சொல்ல வேண்டிய விதத்தில் சொல்கிறேன். அதுவரை யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. பாலுவுக்குத் தனியாக எழுதி, அம்மாவிடமும் சொல்லச் சொல்லிவிட்டேன். நீ எனக்கு வாக்குக் கொடு.

அந்த ஆந்திராக்காரரை எடுத்து என் முகத்தில் வீசுவாய் என்று தெரியும். வீசாதே. அவர் என் அப்பா இல்லை.

தீபா


பூனா
12 ஆகஸ்ட் 1998

தீபா,

வாக்குக் கொடுத்தேன், இதுவரை காப்பாற்றியும் விட்டேன். அல்சர் என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, மற்றவர்கள் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு கட்டிலின் விரிப்பைச் சரிசெய்தேன். இந்த வேலைக்காகவா ராத்திரி பகலாகப் படித்தோம் என்று இருக்கிறது.

இப்போது விஷயத்தைக் கேள். மாமா அட்மிட் ஆகியிருக்கிறார். வலி அதிகம். மார்ஃபின் மாத்திரை ஆரம்பித்தார்கள். குறையவில்லை. டோஸைக் கூட்டினார்கள். குறையவில்லை. மறுபடியும் கூட்டினார்கள். எனக்கு அங்கேயே இடித்தது. இவ்வளவு உள்ளே போகிற மனிதருக்குக் கொஞ்சம் தூக்கக் கலக்கம் இருக்க வேண்டும், மலச்சிக்கல் இருக்க வேண்டும், கண்மணி சுருங்கியிருக்க வேண்டும். எதுவும் இல்லை. பேப்பர் படிக்கிறார், வலி வந்தால் துண்டைக் கடித்துக்கொள்கிறார்.

இங்கே ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. மாத்திரையைக் கட்டிலில் இருப்பவர் கையிலோ சொந்தக்காரர் கையிலோ கொடுத்துவிட்டு, சார்ட்டில் 'கொடுத்தாயிற்று' என்று டிக் போட்டுவிடுவார்கள். மார்ஃபினுக்குக்கூட. நான் மட்டும் நின்று பார்ப்பேன். என் முன்னால் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். என்னையும் ஏமாற்றியிருக்கிறார்.

இன்று காலை பேப்பர் படிக்கக் கண்ணாடி கேட்டார். கூட்டைத் திறந்தால், கண்ணாடிக்கு அடியில் வரிசையாக மாத்திரைகள். நாக்குக்கு அடியில் வைத்திருந்து, நான் அந்தப் பக்கம் போனதும் துப்பித் துடைத்து வைத்திருக்கிறார். நான் முறைத்தேன். அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரிச் சிரித்தார்.

'வீணாக்கலம்மா. வெல ஒசந்த மாத்திர, வேற யாருக்காவது ஆவும்னு எடுத்து வச்சிருக்கேன்.'

'ஏன் மாமா முழுங்கல? வலிக்குதுல்லா?'

'வலிக்கத்தான் செய்யுது. ஆனா வயித்துல புண்ணு இருக்கவன் வலி மாத்திர திங்கக்கூடாதுல்லா. அப்பமே ஃபாக்டரி டாக்டர் சொல்லியிருக்காரு, தின்னா புண்ணு ரத்தம் கக்கும்னு. நான் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்துதான் அந்தத் தடவ ஆறுச்சி. இந்தத் தடவயும் ஆறிரும்.'

உனக்குப் புரிகிறதா? அந்த டாக்டர் அன்று சொன்னது சரி. அல்சர்காரன் சாதாரண வலி மாத்திரை தின்னக்கூடாது. இவர் அதை இத்தனை வருடம் கழித்தும் மறக்காமல் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார். மார்ஃபின் வேறு ஜாதி, புண்ணை ஒன்றும் செய்யாது என்றேன். 'எல்லாம் வலி மாத்திரதானளா' என்கிறார். நாம் வைத்த பெயரை நம்பித்தான் அவர் வலியைத் தின்றுகொண்டிருக்கிறார்.

டாக்டரிடம் சொன்னேன், மாத்திரை உள்ளே போகவே இல்லை, கூட்டிய டோஸைக் குறைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று. 'ரவுண்ட்ஸில் பார்க்கலாம் சிஸ்டர்' என்றார். இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். 'எழுதி வை' என்றார். எழுதி வைத்தேன்.

நீ என்னை வாக்கிலிருந்து விடுவித்துவிடு. எனக்கு ஒரு வரி எழுது, அல்லது பாலுவிடம் போனில் சொல். அவருக்குக் காரணம் தெரிந்தால் முழுங்குவார். இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஜெனி


மஸ்கட்
27 ஆகஸ்ட் 1998

ஜெனி,

முடியாது. டிசம்பர் வரை பொறு என்றுதானே கேட்டேன்.

வேறு வழி தெரியவில்லை என்கிறாய். எனக்குத் தெரிகிறது. நேற்று ராத்திரி பாலுவுக்கு போன் செய்தேன். நல்லவேளை, அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பதால் பேச முடிந்தது. மாத்திரையை அம்மா பொடித்துக் கேப்பைக் கஞ்சியில் கலந்து கொடுத்துவிடட்டும். கொஞ்சம் வெல்லம் கூடப் போட்டால் கசப்புத் தெரியாது. அம்மா தயங்குகிறாளாம், 'அவியளுக்குத் தெரியாம எப்படிளா' என்று. பாலு பேசிப் பார்க்கிறேன் என்றான்.

இது சரியில்லை என்று எனக்கும் தெரியும். வேறு யாராவது செய்தால் நானே திட்டுவேன். ஆனால் அப்பாவுக்கு வலி குறையும், மனமும் உடையாது. என்னால் இங்கிருந்து செய்ய முடிந்தது இதுதான். நீ கண்டுகொள்ளாமல் இரு. அது போதும்.

தீபா


பூனா
8 செப்டம்பர் 1998

தீபா,

உன் கடிதம் நேற்று வந்தது. கஞ்சி விஷயத்தை அதற்கு முன்பே தெரிந்துகொண்டுவிட்டேன், நல்லபடியாகத் தெரிந்துகொள்ளவில்லை.

ஐந்தாம் தேதி கணபதி விசர்ஜனம். எனக்கு மத்தியான டியூட்டி. ரோடெல்லாம் ஊர்வலம், டோல் மேளச் சத்தம், ரிக்ஷாக்காரன் பாதியில் இறக்கிவிட்டான், நடந்து வந்தேன். வார்டில் பாதிப் பேர் லீவு. மாமா அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். வார்டு ஆயா மாவ்ஷி சந்தோஷமாகச் சொல்கிறாள், 'பாபா இன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்குகிறார், எழுப்பாதே' என்று. அத்தையும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. உதடு நீலம். கண்ணைத் திறந்து பார்த்தால் கண்மணி ஊசிமுனை. தோளைப் பிடித்து உலுக்கினேன், மாமா மாமா என்று கத்தினேன். ஒன்றுமில்லை.

அத்தை இத்தனை நாளும் மனசு வராமல் கஞ்சியில் கலக்காமல்தான் இருந்திருக்கிறார்கள். அன்று காலை அவர் துண்டைக் கடித்துத் துடித்ததைப் பார்த்ததும் தாங்கவில்லை. காலை மாத்திரையையும் மத்தியான மாத்திரையையும் சேர்த்துப் பொடித்துக் கொடுத்திருக்கிறார்கள். எந்த மாத்திரை? கூட்டிக் கூட்டி வைத்திருந்த அந்த டோஸ். அதைக் குறைக்கச் சொல்லி நான் எழுதி வைத்ததை யாரும் பார்க்கவில்லை. அதைக் குறைத்தார்களா என்று நீயும் கேட்கவில்லை. நீ நர்ஸ், தீபா. ஒரு நோயாளியின் சார்ட்டைப் பார்க்காமல் போனில் மருந்து சொன்னாய்.

டாக்டரை இழுத்து வந்து, முறிவு ஊசி போட்டதில் மாமா பிழைத்துக்கொண்டார். அந்த ஊசி மருந்தின் வேலை முழுவதையும் முறித்துவிடும் என்று உனக்குத் தெரியும். மூச்சு வந்தது, கூடவே மொத்த வலியும் வந்தது. உன் அப்பா அலறி நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

வலி அடங்கிய பிறகு, மறுநாள் காலை டாக்டரிடம் போய், இனியாவது அவரிடம் பேசுங்கள் என்றேன். 'மகன் வேண்டாம் என்கிறாரே, சிஸ்டர். வீட்டுக்காரர்கள் விருப்பத்துக்கு விரோதமாக நான் ஏன்?' என்றார். திரும்பி வந்தேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'ஜெனி, அல்சருக்கு மூச்சு நிக்குமாளா?'

நான் தலையணையைச் சரிசெய்யப் போனேன்.

'அத விடு. ஒங்க அத்தட்ட கேட்டேன், அழுதா. பாலுட்ட கேட்டேன், வெளிய போயிட்டான். நீ போவமாட்டல்லா.'

'நீங்க என்னன்னு நெனைக்கிய மாமா?'

'நான் நெனைக்கது இருக்கட்டும். நீ சொல்லு.'

சொன்னேன். அல்சர் இல்லை மாமா, கேன்சர் என்றேன். ஈரலுக்கும் போயிருக்கு என்றேன். எவ்வளவு நாள் என்று கேட்டார். யாராலும் சரியாகச் சொல்ல முடியாது, ஆனால் அதிகம் இல்லை என்றேன். கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை, தீபா. என்னைப் பார்த்துக் கேட்டார்.

'அப்பம் அந்த மாத்திரைய முழுங்குனா தப்பில்லல்லா?'

அந்த ஒரு கேள்விக்காக நாம் அவரை எத்தனை நாள் துடிக்கவிட்டோம்.

டோஸைக் குறைத்து ஆரம்பித்திருக்கிறார்கள். முழுங்குகிறார். நேற்று இட்லி சாப்பிட்டார். உனக்குக் கொடுத்த வாக்கை மீறினேன், அதை ஒப்புக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

ஜெனி


மஸ்கட்
21 செப்டம்பர் 1998

ஜெனிபர்,

பாலு எல்லாவற்றையும் சொன்னான். உன் கடிதமும் வந்தது. அதில் நீ எவ்வளவு நல்ல நர்ஸ், நான் எவ்வளவு கெட்ட நர்ஸ் என்று விளக்கமாக எழுதியிருக்கிறாய். அப்பாவைக் கொல்லப் பார்த்தவள் நான், காப்பாற்றியவள் நீ. சரி.

நான் அவருடைய நர்ஸ் இல்லை. மகள். என் அப்பாவிடம் இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியவள் நான். அந்தக் கையை நான்தான் பிடித்திருக்க வேண்டும். என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான், அதையும் நீ எடுத்துக்கொண்டாய். அவர் கேட்டாராம், இவள் சொன்னாளாம். 'தீபா வந்து சொல்லுவா மாமா' என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?

மேட்ரனிடம் புகார் எழுதிக் கொடுத்தது பாலு என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். எழுதச் சொன்னது நான். நோயின் பெயரைச் சொல்ல நர்ஸுக்கு அதிகாரமில்லை, அது உனக்கும் தெரியும்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

தீபா


பூனா
14 அக்டோபர் 1998

தீபா,

எழுதாதே என்றாய். இதை உனக்காக எழுதவில்லை, மாமா சொல்லி எழுதுகிறேன்.

மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். வார்டிலிருந்து மாற்றி ஓபிடியில் ஊசி போடும் அறையில் வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க மற்றவர்கள் சீட்டில் எழுதியதைப் பார்த்துக் குத்திக்கொண்டிருக்கிறேன், யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. டோஸ் குறைக்காததற்கு யாருக்கும் மெமோ இல்லை. கோபம் இருக்கிறது, உன்மேலும் இருக்கிறது. அது கிடக்கட்டும்.

மாமா சாங்வியில் பாலு வீட்டுக்குப் போய்விட்டார். பாலுவுக்கு நான் வருவது பிடிக்கவில்லை, ஆனால் மாமா கேட்பதால் டியூட்டி முடிந்து போகிறேன். மாத்திரையை மணி பார்த்துச் சாப்பிடுகிறார். தூங்குகிறார். போன வாரம் ரிக்ஷா பிடித்து கட்கி பஜார் போய், பழைய கூட்டாளி சேவியரைப் பார்த்துவிட்டு வந்தார். ஏதோ யூனியன் தகராறில் பேச்சு நின்று போனவராம், உனக்குத் தெரிந்திருக்கும். வந்து, 'ரெண்டு பேருக்குமே எதுக்குச் சண்டன்னு ஞாவகம் இல்ல' என்று சிரித்தார்.

இதையெல்லாம் பார்த்து பாலு உன்னிடம் 'அப்பா நன்றாக இருக்கிறார்' என்று சொல்வான். பொய் சொல்கிறான் என்று நினைக்காதே, அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. வலி போனதை அவன் நோய் போனதாக எடுத்துக்கொள்கிறான். நான் பார்ப்பது வேறு. கண் மஞ்சளாகிவிட்டது. கால் வீங்கியிருக்கிறது, அழுத்தினால் பள்ளம் விழுகிறது. வயிற்றில் நீர் கட்டுகிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'தீபாவ வரச் சொல்லு. டிசம்பர் வரைக்கும் நான் தாங்கமாட்டேன்னு நீயே எழுது. பாலு எழுதமாட்டான், பயந்தவன்.'

டிசம்பருக்குக் காத்திருக்காதே. இப்போதே புறப்படு. என்னைப் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம். நீ வருகிற நாளில் நான் சாங்வி பக்கமே வரமாட்டேன்.

ஜெனி


மஸ்கட்
13 டிசம்பர் 1998

ஜெனி,

உன் அக்டோபர் கடிதம் என்னிடம் வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். பாலுவுக்கு வாராவாரம் போன் செய்தேன். சாப்பிடுகிறார், பஜாருக்குப் போகிறார் என்றான். அப்பாவே ஒரு தடவை போனை வாங்கி, 'எப்பம் வாரே?' என்று கேட்டார். டிசம்பரில் வந்துவிடுவேன் என்றேன். 'சரிம்மா' என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நீ எழுதியிருப்பாய் என்று நினைத்திருப்பார்.

பாலு நவம்பரில் போன் செய்து, எல்லாம் முடிந்துவிட்டது என்றான். விமானத்தில்தான் உன் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். அதற்குமேல் அதைப்பற்றி எழுத என்னால் முடியாது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நீ வந்து வாசலில் நின்றதைப் பார்த்தேன். உள்ளே போய்விட்டேன். உன்மேல் கோபத்தில் போகவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் என்ன கேட்பேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது, பதிலுக்குப் பயமாக இருந்தது.

இப்போது கேட்கிறேன். அப்பாவின் கடைசி நாள் எப்படி இருந்தது? பாலுவிடம் கேட்டேன், 'தூக்கத்துலயே நிம்மதியாப் போயிட்டாரு' என்கிறான். அம்மாவும் அதையே, அதே வார்த்தையில் சொல்கிறாள். இருவரும் பேசி வைத்துக்கொண்டு எனக்காகச் சொல்கிறார்கள். அது என் மனசு உடையக்கூடாதே என்கிற அன்பு, எனக்குத் தெரியாதா? அதைக் கேட்டுக்கொண்டு ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. என்னென்னவோ கற்பனை வருகிறது, எல்லாம் உண்மையைவிட மோசமாகத்தான் இருக்கும்.

அன்று நீ அங்கே இருந்ததாக அம்மா சொன்னாள். நீ சொன்னால் நம்புவேன். உன்னை விட்டால் அப்படிச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

தீபா


பூனா
29 டிசம்பர் 1998

தீபா,

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

வலி இல்லை. செப்டம்பருக்குப் பிறகு தாங்க முடியாத வலி என்று ஒன்று வரவே இல்லை. அதை நீ முழுதாக நம்பலாம்.

தூக்கத்தில் போகவில்லை. காலையிலிருந்து மூச்சுக்குச் சிரமப்பட்டார். நடுவில் கொஞ்ச நேரம் பயந்தார். சாய்த்து உட்காரவைத்து, ஜன்னலைத் திறந்து வைத்தேன், அத்தை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்கள். டாக்டர் சப்னிஸ் வீட்டுக்கே வந்தார், அதையும் எழுத வேண்டும். கொஞ்சம் மருந்து கொடுத்தார், பயம் அடங்கியது. பிறகு அமைதியாக இருந்தார். சாயங்காலம் மூச்சு நின்றது. பாலு கையைப் பிடித்திருந்தான், அன்றைக்கு அவன் வெளியே போகவில்லை.

உன்னைக் கேட்டார். மத்தியானம், நினைவு கொஞ்சம் தடுமாறத் தொடங்கியபோது. 'தீபா வண்டி வந்தாச்சா?' என்றார். பாலு என்னைப் பார்த்தான். நீ மஸ்கட்டில் இருக்கிறாய், என் கடிதத்துக்குப் பதில் இல்லை, நீ வரவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும்.

'வந்துக்கிட்டு இருக்கா மாமா. பூனா ஸ்டேஷன்ல எறங்கிட்டா' என்றேன்.

'அப்பம் சரி' என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பாலுவும் அத்தையும் உன்னிடம் மறைப்பது இதைத்தான். உன்னைக் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும். இதை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று நேற்று முழுவதும் நினைத்தேன். ஆனால் மறைத்து எழுதச் சொல்லி நீ என்னிடம் கேட்கவில்லை.

ஜெனி